வளர்த்த பிள்ளையின் முதல் ஒன்பது வருடம்

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். ‘இறந்தவருக்கு என்ன உறவு?’ பெற்றவர்களுக்கு அதை நிரப்ப ஒரு நொடி போதும். காய்ச்சலில் கண் விழித்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்காகப் பேச்சு வாங்கி, இரவு பத்து மணிக்கு மேல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்து ஆறு வருடம் வளர்த்தவர், பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்தபடி நின்றுவிடுவார். ‘வளர்ப்பு’ என்று எழுதினால் உடனே அடுத்த கேள்வி வரும்: “தத்தெடுத்த பேப்பர் இருக்கா?” இருக்காது. தத்தெடுத்த பிள்ளைக்கும், அரசோ ஒரு அமைப்போ ஒப்படைத்து நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். முன்னவன் சட்டத்தின் கண்ணில் மகன். பின்னவன் எத்தனை வருடம் இருந்தாலும் இன்னொருவருடைய மகன். நம் வீட்டில் இருப்பவன், அவ்வளவுதான். இங்கே நான் பேசுவது அந்தப் பின்னவனைப் பற்றி. சின்ன வயதில் போய்விட்ட அவனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி.

துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தார். ‘ஒப்புக்கொள்ளப்படாத துக்கம்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழந்தவருக்கு அழுவதற்கு உரிமை உண்டு என்று சுற்றியிருப்பவர்கள் ஏற்காத இழப்பு அது. வேலையிடத்தில் விடுப்புக் கேட்டால் விதியில் அந்த உறவு இல்லை என்பார்கள். அடக்கமோ தகனமோ எங்கே, எப்போது, எந்தப் பெயரில் என்று முடிவெடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் பெற்றவர்களிடமோ, பிள்ளையின் பொறுப்பை வைத்திருக்கும் அதிகாரியிடமோதான் இருக்கும். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்கூட “நீங்க செஞ்ச புண்ணியம் வீண் போகாது” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று நல்ல மனத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த வரியில் ஊரார் பிள்ளை கடைசியில் என்ன ஆனான் என்பது கிடையாது. பேச்சு வளர்த்தவரின் நன்மைக்குப் போய்விடுகிறது, பிள்ளை நடுவழியில் விடுபட்டுவிடுகிறான்.

இதெல்லாம் பலரும் பேசியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. அவன் 9 வயதில் வந்து 15 வயதில் இறந்தான் என்று வைத்துக்கொள்வோம். வளர்த்தவர்கள் அவனுக்காகச் செய்யும் ஆல்பம், எழுதும் குறிப்பு, மாட்டும் படம் எல்லாமே அவன் வந்த நாளில் தொடங்கும். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் 9 வயதுப் பையன்தான் முதல் பக்கம். அவன் அங்கேதான் பிறந்தான் என்பதுபோல. அவன் வாழ்ந்ததில் பாதிக்கும் மேலே அந்தப் பக்கத்துக்கு முன்னால் நடந்தது. அந்த ஒன்பது வருடத்தை அவன் ஒருநாளும் கழற்றி வைத்ததில்லை. தூங்கும்போதுகூடக் கூடவே வைத்திருந்தான். அவனைப் பிரிந்த துக்கத்தில் அதை நாம் வெட்டிப் போட்டுவிட்டால், நாம் நினைத்துக்கொண்டிருப்பது அவனை அல்ல, நம் வீட்டில் நடந்த ஆறு வருடத்தை.

முதல் நாட்களில் கைமாறிப் போவது

எந்தப் பொருள் யாருக்கு என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஒன்றை நம்பி நடக்கலாம்: அவனுடைய துணி, போன், பள்ளிப்பை எதுவும் தானாக வளர்த்தவருக்கு வந்து சேராது. கேட்டு வருகிறவர்கள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். ஆகவே எதையும் மடிப்பதற்கும் துவைப்பதற்கும் முன்னால் அறையைப் படம் எடுக்க வேண்டும். வாசலில் நின்று ஒன்று, நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று. பிறகு அலமாரிக் கதவைத் திறந்து தட்டுத் தட்டாக. கட்டிலுக்கு அடியில். மேசை இழுப்பறையை இழுத்து, உள்ளே இருப்பதைக் கலைக்காமல் மேலிருந்து. அவன் எதை எதற்குப் பக்கத்தில் வைத்திருந்தான் என்பது ஒருமுறை கலைந்தால் போயிற்று, பொருள்களெல்லாம் திரும்பக் கிடைத்தாலும் அந்த வரிசை கிடைக்காது.

பள்ளிப்பையைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு அறையாகக் காலி செய்து, அறைக்கு ஒரு படம். அடியில் இருக்கும் பென்சில் சீவலையும் கசங்கிய தாளையும் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் தாளில் பாதி வரைந்த ஒரு முகம் இருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் பழகியிருப்பான், சில பிள்ளைகள் தங்கள் பெயரோடு பெற்ற தகப்பன் பெயரையும் வளர்த்தவர் பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு பக்கம் பத்து ஆல்பத்துக்குச் சமம்.

பட்டியல் இரண்டு பிரதி போடுங்கள். ஒப்படைக்கும்போது தேதி, பொருள், வாங்கியவர் கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். சந்தேகத்தினால் இதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த நீலச் சட்டை எங்கே என்று நெஞ்சு கேட்கும்போது பதில் வேண்டும். அமைப்புக்காக எழுதிவந்த தினக்குறிப்பு உங்களுடையது அல்ல. பெரும்பாலும் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும், அனுமதியில்லாமல் பிரதி எடுத்தால் ரகசியக் காப்பு விதி மீறப்படும். எதை வைத்துக்கொள்ளலாம், எதன் நகல் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, கொஞ்சம் வேண்டிக் கேட்கிறேன்: அவன் பொருளைக் குப்பைப் பையில் கட்டிக் கொடுக்காதீர்கள். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் வீடு மாறும்போது துணிமணியைக் குப்பைப் பையில் கட்டி அனுப்புவது பல நாடுகளில் இன்னும் நடக்கிறது. இந்தத் தடவையாவது பெட்டியில் போகட்டும்.

சட்டை, சீட்டு, குரல்

வாசனைக்காக ஒரு சட்டையை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இரண்டு. துவைத்துவிடுவது ஒன்று, பூச்சி உருண்டை போடுவது இன்னொன்று. நாப்தலின் நெடி ஏறினால் வேறு எந்த வாசனையும் மிஞ்சாது. அவன் கடைசியாகப் போட்ட சட்டை, தலையணை உறை, இரண்டில் ஒன்றைத் துவைக்காமல், ஈரம் துளியும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அகல வாய்க் கண்ணாடிப் புட்டியிலோ ஜிப் வைத்த பாலித்தீன் பையிலோ காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். எத்தனை தரம் திறக்கிறோமோ அத்தனை தரம் வாசனை குறையும், இதற்கு மாற்றில்லை. மற்றத் துணிகளை வியர்வைக் கறை மஞ்சளாகிவிடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து, அமிலமில்லாத் தாளை மடிப்புக்குள் வைத்து மடியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மாற்றி மடிக்கவேண்டும். ஒரே கோட்டில் வருடக்கணக்காக மடித்துக் கிடந்தால் நூல் அந்த இடத்தில்தான் முதலில் அறும்.

சினிமா டிக்கெட், பஸ் சீட்டு, மருந்துச் சீட்டு போன்றவற்றில் பல, சூட்டினால் அச்சாகும் தாள்கள். வெளிச்சத்திலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிப்போகும், பி.வி.சி. உறைக்குள் போட்டால் இன்னும் சீக்கிரம். கிடைத்த வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். தாளுக்கு 300 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேனர் அளவு) போதும், புகைப்படத்துக்கும் அவன் வரைந்ததற்கும் 600 வைத்துக்கொள்ளலாம். பிசின் தடவிய பக்கத்தில் ஒட்டி மேலே தாள் மூடும் பழைய வகை ஆல்பம் வேண்டவே வேண்டாம், பிசின் பழுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும். பெயரும் தேதியும் உறையின்மேல் எழுதுங்கள், படத்தை உள்ளே போடுவதற்கு முன்னால். முடி இருந்தால் பிளாஸ்டிக்கில் அல்ல, தாள் உறையில்.

குரல்தான் எல்லாவற்றையும்விட அவசரம். “நான் வந்துட்டேன், கதவைத் திறங்க” என்று 4 நொடி வரும் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு, போட்டோவுக்கு நின்று சிரித்த நூறு படத்தில் இல்லாததை வைத்திருக்கும்: மூச்சு வாங்கல், பின்னால் பையைக் கீழே போடும் சத்தம். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக அழிக்கப்படும். ரீசார்ஜ் நின்ற எண் ஒருநாள் வேறொருவருக்குப் போகும். கூகுள் கணக்கை 2 வருடம் யாரும் திறக்காவிட்டால் அதையும் அதிலிருக்கும் படங்களையும் அவர்கள் நீக்கலாம். அதனால் உங்கள் போனுக்கு அவன் அனுப்பிய பதிவுகளை முதலில் வெளியே எடுங்கள். ஆண்ட்ராய்டில் அவை ஓபஸ் வகைக் கோப்புகளாக, தேதியோடு கூடிய பெயரில் இருக்கும். அந்த மூலக் கோப்பைப் பெயர்கூட மாற்றாமல் அப்படியே ஒரு பிரதி, எந்தக் கருவியிலும் ஓடும் வேவ் வகையில் இன்னொன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில்: ஆவணக் காப்பில் இருப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு இது. பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அவன் போன் பூட்டியிருந்தால் எண்ணை ஊகித்து அடிக்கவேண்டாம். தவறு கூடக் கூடப் பூட்டு இறுகும். 10 தவறுக்குப் பின் எல்லாம் அழியும்படி அமைத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதோடு, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது.

புருவத்துத் தழும்பு

இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு என்று வைத்துக்கொள்வோம். அரை விரல் நீளம், நடுவில் கொஞ்சம் வெளுப்பு, அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காமல் சின்ன இடைவெளி. வந்த அன்று நிரப்பிய மருத்துவத் தாளில் ‘பழைய காயம்’ என்று இரண்டே சொல். கேட்டபோது ஒருமுறை நாய் துரத்தியது என்றான், இன்னொருமுறை சண்டை என்றான். கோப்பைப் படித்தவர்கள், யாரோ அடித்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருப்பார்கள். பெற்றவளிடம் கேட்டால், மூணு வயசுல கட்டில் விளிம்புல இடிச்சுக்கிட்டான், தையல் போடறப்போ என் விரலைக் கடிச்சான் என்று சொல்லித் தன் விரலைக் காட்டக்கூடும்.

வளர்த்தவருக்கு எல்லாம் மாறுவது இந்த இடத்தில்தான். ஆறு வருடம் தினமும் பார்த்த முகத்தில் தனக்குத் தெரியாத ஒரு நாள் இருந்தது, அந்த நாளின் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை அவளை ஒரு கோப்பாக, ஒரு குற்றமாக, வராமல் போன சந்திப்புகளாகவே தெரியும். இப்போது அவளிடம் மட்டும் இருக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். உங்களிடம் மட்டும் இருக்கும் பையனை அவளும் பார்த்ததில்லை. அவன் குரல் உடைந்ததை அவள் கேட்டதே இல்லை.

இந்தச் சந்திப்பு நடக்கவேண்டும் என்பதே நான் சொல்லவந்தது. எப்படி நடத்துவது என்பதில் கவனம் வேண்டும். இரண்டு பேர் வீடும் வேண்டாம். பொறுப்பு அதிகாரி அல்லது சமூகப் பணியாளர் ஏற்பாடு செய்யும் பொது அறை, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் முழு ஆல்பத்தைக் கொண்டுபோகாதீர்கள். உங்களிடம் 200 படம் இருக்கும், அவளிடம் 4 இருக்கலாம். அந்த 200ஐ மேசையில் வைத்த நிமிடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள், பிறகு எதுவும் வராது. 4 படம் போதும், அவள் எடுத்துக்கொண்டு போகும்படி நகலாக. முதலில் நீங்கள் சொல்லாதீர்கள், கேளுங்கள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாத கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்குங்கள். எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவான், முதலில் என்ன சொல் பேசினான், அந்தப் பெயரை யார் வைத்தது. ஏன் விட்டுவிட்டாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அவள் அதைத் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நீளத் தாள் சுருளைக் கொண்டுபோங்கள். வயதுக்கு ஒரு வரியாக, பிறந்ததிலிருந்து 15 வரை. ஒவ்வொரு வரியிலும் எந்த வீடு, கூட யார், எந்தப் பள்ளி, என்ன நோய், எதற்குப் பயம், எதில் பிரியம். உறுதியானதைப் பேனாவால், சந்தேகத்தைப் பென்சிலால். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சொன்னவர் பெயர். தழும்புக்கு மூன்று கதை இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். நாய் துரத்தியது என்று அவன் சொன்னதும் அவனைப் பற்றிய உண்மைதான். கொடுமை நடந்த குடும்பமாக இருந்து நேரில் பார்ப்பது ஆபத்தென்றால், பாட்டி, அத்தை, அக்கா, முன்பு வளர்த்தவர், பழைய ஆசிரியர் என்று வேறு வழியில் கேட்கலாம், அதுவும் அதிகாரி மூலமாக எழுத்தில். வேறு வீடுகளில் வளரும் அவன் உடன்பிறப்புகளின் முகவரி எந்தத் தாளிலும் வரக்கூடாது. அவர்கள் அடையாளம் தெரியும்படியான படங்களைப் பொதுவெளியில் போடவும் கூடாது.

இதில் பாதி வேலை முன்பே நடந்திருக்கவேண்டும். 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளின் 100ஆவது பத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனையே சேர்த்துக்கொண்டு ஒரு வாழ்க்கைக் கதைப் புத்தகம் தயாரிக்கவேண்டும், அதில் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தகவலும் படமும் நினைவுப் பொருளும் இருக்கவேண்டும் என்கிறது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று அமைப்பிடம் கேளுங்கள். இருந்தால் அதுதான் சுருளின் முதுகெலும்பு. அவன் கையாலேயே எழுதிய வரி அதில் ஏதாவது இருக்கும்.

எழுதும்போது

தேதி வரிசையில் எழுத உட்கார்ந்தால் நோயும் சாவும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒரு தாளுக்கு ஒரு பொருள் அல்லது ஒரு நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது: காலையில் எழுப்பும்போது, செருப்பைக் கழற்றும் விதம், பொய் சொல்லும்போது கை போகும் இடம். தினம் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேச்சில் அவன் அடிக்கடி சேர்த்துக்கொண்ட சொற்களை முதலில் எழுதிவிடுங்கள், அவைதான் சீக்கிரம் நழுவும்.

திருடியதையும் ஓடிப்போனதையும் கதவை உதைத்ததையும் விடாதீர்கள். இறந்த பிள்ளையைத் தங்கமாக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் கோபத்தை எடுத்துவிட்டால் அவன் முதல் ஒன்பது வருடத்தில் பட்டதற்குச் சாட்சியும் போய்விடும். கோப்பின் மொழியும் உள்ளே வரவேண்டாம். ‘நடத்தைச் சிக்கல்’ என்று எழுதாமல், மூன்று நாள் தலையணைக்கு அடியில் சாப்பாட்டை ஒளித்துவைத்தான் என்று எழுதுங்கள். எழுதியதைப் படித்துப் பார்க்கையில் ‘நாங்கள் அவனுக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் நிறைய இருந்தால், அந்தத் தாள் உங்களைப் பற்றியதாகிவிட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

வீட்டில் வேறு வளர்ப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் முதல் நாளே சொல்லவேண்டியது இரண்டு. அவன் இறந்துவிட்டான், இந்தச் சொல்லிலேயே. ‘தூங்கிட்டான்’, ‘போயிட்டான்’ என்றால் சின்னதுகள் தூங்கப் பயப்படும், அல்லது வாசலில் காத்திருக்கும். சாவு திரும்பாதது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள்தான் பிடிபடுகிறது. இரண்டாவது, அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி: அடுத்து என்னை அனுப்பிடுவாங்களா? இல்லையென்றால் இல்லை என்று கேட்காமலே சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் வாக்குக் கொடுக்காதீர்கள்; தெரிந்தவுடன் முதலில் உனக்குத்தான் சொல்வேன் என்றாவது சொல்லலாம். சுருளில் அவர்களுக்கும் ஒரு வரி கொடுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாத சங்கதி அவர்களிடம் நிறைய இருக்கும்.

துக்கம் நாளாக நாளாகத் தளராமல் அன்றாடத்தையே நிறுத்திப் போட்டால் மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கம் ஒரு நோயாக 2022 முதல் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 6 மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று எல்லை. உறவு என்ன என்று அங்கேயும் கேட்பார்கள். மகன் என்று சொல்லுங்கள்.

சுருள் ஒரே சந்திப்பில் முடியாது. 4ஆம் வயதும் 5ஆம் வயதும் யாருக்கும் தெரியாமல் போகலாம்; அந்த இரண்டு வருடம் அவன் எங்கெங்கோ இருந்திருப்பான். அந்த வரிகளை நெருக்கி மூடிவிடாதீர்கள், வயதை மட்டும் எழுதி முழு இடம் விட்டுவையுங்கள். வேறு வீட்டில் வளர்ந்த தங்கை ஒருத்தி பெரியவளானபின் தேடி வரக்கூடும். சுருளை நாடாவால் கட்டும்போது, எழுதிய பென்சிலையும் சேர்த்தே கட்டிவையுங்கள்.